கொள்ளிடக் கரையின் உடைப்பை அடைத்தலும் மீன்களுக்கு இடம் விடுதலும்

ஆற்றங்கரை உடைந்து, வெள்ளம் வயல்களிற் பரவி வடிந்தபின், கரைமேல் நின்று பார்க்கும் குடியானவருக்கு இரண்டு காட்சிகள் கண்ணிற் படும். ஒன்று, பயிர் நின்ற இடத்தில் முழங்கால் உயரம் படிந்து கிடக்கும் மணல். மற்றொன்று, உடைப்பு வாயிலை வெள்ளம் குடைந்து விட்டுப்போன மடு. மணலை வாரியே தீரவேண்டும். அதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. மடுவைப்பற்றியோ, "முதலில் இதைத் தூர்த்துவிட வேண்டும்" என்று ஊரார் ஒரே குரலிற் கூறுவார்கள். அவ்வாறு தூர்க்கலாகாது என்பதையும், மடுவைச் சுற்றிக் கரையைக் கொண்டுபோவதே கரைக்கும் மீனுக்கும் ஒருங்கே நன்மை தருவது என்பதையும் கொள்ளிடக் கரையை உதாரணமாகக் கொண்டு எடுத்துக்காட்டுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

கொள்ளிடத்தின் இயல்பு

முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து, பழையாற்றுக்கருகே கடலிற் கலக்கும் கொள்ளிடம், டெல்டாவின் வெள்ள வடிகாலாகும். காவிரியும் வெண்ணாறும் தாங்கக்கூடிய அளவு போக மிஞ்சிய நீர் இதன் தலையிலேயே விழுகிறது. ஆகவே வருஷத்திற் பல மாதங்கள் வெறும் மணலாய்க் கிடக்கும் இவ்வாறு, சில நாட்களில் மட்டும் கரைக்குக் கரை தளும்பி ஓடும். 1924-ஆம் வருஷம் ஜூலை மாதத்து வெள்ளத்தைப் பாட்டனார் வாய்மொழியாகக் கேளாத குடும்பம் இப்பக்கத்தில் அரிது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின், இனிப் பெருவெள்ளம் வராது என்று நம்பியிருந்தோர் பலர். 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது அந்நம்பிக்கையும் அவற்றோடு போயிற்று. 2022 ஆகஸ்டிலும் வெள்ளம் பெருகி, நாதல்படுகை, முதலைமேடுதிட்டு முதலிய ஊர்களின் மக்கள் வீடுகளை விட்டு மேட்டுக்கு வரவேண்டியதாயிற்று.

இவ்வூர்களின் பெயர்களிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஆற்றின் நீரோட்டத்துக்கும் வெள்ளக்கரைக்கும் இடைப்பட்ட நிலத்தையே நாம் படுகை என்கிறோம். வெள்ளம் வந்து படுக்கும் இடம் அது. அங்கே காய்கறியும் வாழையும் செழிப்பதற்குக் காரணம், வெள்ளம் விட்டுச்செல்லும் வண்டல். படுகை அகலமாயுள்ள இடங்களில் வெள்ளம் பரந்து, வேகம் தணிந்து செல்கிறது. குறுகிய இடங்களில் உயர்ந்து கரையை முட்டுகிறது. கரை உடைந்த இடங்களை நோக்கினால், அவற்றிற் பெரும்பாலானவை நீரோட்டம் கரையை ஒட்டி ஓடும் வளைவுகளிலேயே இருக்கக் காணலாம்.

உடைப்பின் காரணம்

நீர் கரையின் தலைக்குமேல் வழிந்து உடைவது ஒரு வகை. ஆயினும் எனது அனுபவத்தில் அதைவிட மிகுதியாகக் கண்டவை வேறு இரண்டு. முதலாவது, நீரோட்டம் கரையின் அடியைக் குடைந்து, மேற்பாகம் தாங்கலின்றிச் சரிதல். ஆற்று மணல் அளவுக்கு மிஞ்சி எடுக்கப்பட்டு மட்டம் தாழ்ந்த இடங்களில், கரையின் அடி அந்தரத்தில் நிற்பதுபோல் நிற்கிறது; அங்கே இவ்விபத்து எளிதில் நேரும். இரண்டாவது, எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர்ப்பொந்து இவற்றின் வழியாக நீர் கசிந்து, வயற்பக்கத்து அடியில் ஊற்றாய்க் கிளம்புதல். ஊற்று நீர் தெளிவாக வரும்வரை உடனே பயமில்லை, கவனித்துவந்தால் போதும். கலங்கி மணலோடு வருமாயின் கரையின் உட்பாகம் கரைகிறதென்று அறியவேண்டும்.

இங்கே என் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ளுகிறேன். உத்தியோகத்தில் சேர்ந்த சில வருஷங்களுக்குள், ஒரு கிராமத்தில் எலித்தொல்லை மிகுந்திருந்தபடியால், எலிகளுக்கு ஒளிவிடம் இல்லாதிருக்கவேண்டி, கரையடியில் அடர்ந்திருந்த நாணலை அடியோடு வெட்டி எரிக்கும்படி நானே யோசனை கூறினேன். எலிகள் குறைந்தது உண்மை. அடுத்த வெள்ளத்தில் நாணல் வெட்டிய பாகத்தில் மட்டும் பதினைந்து கஜ நீளம் கரையடி அரித்துப் போயிற்று. நாணலோடு இருந்த மேற்பாகமும் கீழ்ப்பாகமும் அப்படியே நின்றன. அன்று மூட்டை சுமந்த இளைஞர்களில் ஒருவரும் என்னைக் குறைகூறவில்லை. அதனாலேயே அது எனக்கு மறக்கவில்லை.

மீன் விரும்புவதும் கரை விரும்புவதும்

சிமெண்டுப் பூச்சிட்ட வழவழப்பான சரிவை ஒட்டி நீர் தங்குதடையின்றி விரைந்து ஓடுகிறது. அவ்வேகமே சரிவு முடியும் இடத்தில் அடியைக் குடைகிறது. அவ்விடத்தில் மீனும் நிற்பதில்லை. ஓட்டத்தை எதிர்த்து ஓயாது நீந்தி நிற்க எந்த மீனாலும் ஆகாது. கரையடியில் நாணலும், வேரும், இடுக்குள்ள கல்லும், முளைப்படலும் இருந்தால் நீர் அங்கே தடைப்பட்டு மெதுவாகிறது. மெதுவாகிய நீர் தான் சுமந்து வந்த வண்டலைக் கீழே போடுகிறது. அரிப்பு நின்று அடி தடிக்கிறது. அதே தணிந்த நீரில்தான் கெண்டைக் குஞ்சு இரை தேடும். விரால் தன் குஞ்சுக்கூட்டத்தைக் காத்து நிற்கும். ஆரால் வேர்களின் இடையிற் பதுங்கும். கரை விரும்பும் மந்த நீரையே மீனும் விரும்புகிறது. இவ்வொற்றுமையை அறிந்தால் மீனுக்கென்று தனிச் செலவு செய்வதாக ஒருவரும் கருதமாட்டார்கள்.

புதுவெள்ளத்தில் மீன் ஏறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆற்றில் நீர் கலங்கி உயர்ந்ததும், கெண்டை முதலிய பல மீன்கள் படுகையில் புல் மூழ்கிய ஆழமற்ற நீருக்கு வந்து முட்டையிடுகின்றன. அங்கே வெயில் படுவதால் நீர் சற்றே வெதுவெதுப்பாயிருக்கும். பூச்சி புழுக்கள் மிகுதி. வெள்ளம் வடியும்போது குஞ்சுகள் ஆற்றுக்குத் திரும்பவேண்டும். கோடையில் வற்றாத மடு ஒன்றும் வேண்டும். ஏறுவதற்குப் படுகை, இறங்குவதற்கு வழி, தங்குவதற்கு மடு என்னும் மூன்றும் அமைந்தால் போதும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், ஸாக்ரமெண்டோ ஆற்றின் மிகுதி வெள்ளத்தைத் திருப்பிவிடும் யோலோ என்னும் அகன்ற வெள்ளவழி இருக்கிறது. கோடைகாலத்தில் அங்கே நெல்லும் பயிரிடுகிறார்கள். அதில் வெள்ளம் பரவிய காலங்களில் வளர்ந்த சால்மன் குஞ்சுகள், ஆற்றோட்டத்திலேயே வளர்ந்தவற்றைவிட விரைவில் பருத்தன என்பதை 2001-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. சால்மன் நம் ஆற்று மீனன்று. ஆயினும் வெள்ளம் படுத்த நிலத்தில் இரை மிகுதி என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

கரைவேலை ஒன்றினாலேயே எல்லா மீனும் திரும்பி வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடும் உள்ளம் மீன் முற்காலத்தில் கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்தது. ஆற்றின் குறுக்கே நிற்கும் அணைகளும் மேட்டூரில் நீர் தேங்கியதும் அதன் வழியை மாற்றிவிட்டன. கடலுக்குச் சென்று முட்டையிடும் விலாங்குக்கும் இவ்வித இடையூறு உண்டு. அவற்றுக்குப் பரிகாரம் அணைகளில் தேடவேண்டுமே யல்லாது கரைகளிலன்று.

மடுவை என்ன செய்வது?

உடைப்பு மடுவைத் தூர்ப்பதில் உள்ள கஷ்டம், அதன் அடியில் இருப்பது பெரும்பாலும் நீர் ஊறிய குழைமணல் என்பதே. தண்ணீருக்குள் கொட்டும் மண்ணைக் கெட்டிக்க முடியாது. மேலே எவ்வளவு நேர்த்தியாகக் கரை போட்டாலும் அடியில் நீர் புகும் வழி இருந்துகொண்டே இருக்கும். அவசரமாக மணலும் சாக்கும் கொட்டித் தூர்த்த ஒரு மடுவின்மேல் எழுப்பிய கரையை மறு வருஷம் ஆவணியில் நான் காவல் காத்திருக்கிறேன். நடுநிசியில் வயற்பக்கத்து அடியில் ஊற்று கிளம்பிற்று. முதலில் தெளிவாயிருந்து, விடியுமுன் கலங்கிற்று. ஊற்றை அடைக்க முயலாமல், அதைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டைகளை அடுக்கி, உள்ளே நீரை இடுப்பளவு உயர நிற்கவிட்டதும் அது அடங்கியது. அன்று அவ்வூர் தப்பியது, ஆற்றில் நீர் அன்று மாலையே இறங்கத் தொடங்கியதால்.

மடுவைத் தூர்க்காமல், அதை ஆற்றுப்பக்கத்தில் விட்டு, வயற்பக்கமாக வளைத்து, அசையாத பழைய தரைமேல் புதுக்கரை போடுவதே சிறந்தது. உதாரணமாக ஒரு கணக்குப் பார்ப்போம். உடைப்பின் அகலம் 200 அடி. மடு 200 அடி நீளமும் 150 அடி அகலமும் உள்ள நீள்வட்டம். நடுவில் ஆழம் 30 அடி. கரையின் உயரம் 12 அடி, தலையகலம் 12 அடி, ஆற்றுப்பக்கச் சரிவு ஒன்றுக்கு மூன்று, வயற்பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டு. ஆக அடியகலம் 72 அடி. கிண்ணம் போன்ற இம்மடுவைத் தூர்க்க ஏறக்குறைய 3,50,000 கன அடி மண் வேண்டும். அதன்மேல் 200 அடி நீளம் கரை போட இன்னும் 1,00,000 கன அடி. மொத்தம் 4,50,000. இதற்குப் பதில், 600 அடி இடைவெளியில் நடுவே 150 அடி உள்வாங்கி வளைத்தால், புதுக்கரையின் நீளம் ஏறக்குறைய 700 அடி. அதற்கு வேண்டும் மண் 3,50,000 கன அடி. ஒரு லட்சம் கன அடி மண் மிச்சம். கரையும் உறுதியான தரையில் நிற்கும். மடுவின் விளிம்புக்கும் புதுக்கரையின் அடிக்கும் நடுவே எவ்வளவு வெளி வேண்டும் என்பதை மண்ணைச் சோதித்து எஞ்சினீயரே நிர்ணயிக்கவேண்டும். மணல் மிகுந்த தரையில் வளைவை இன்னும் உள்வாங்கத்தான் வேண்டியிருக்கும்.

செலவு வேறிடத்தில் இருக்கிறது. இக்கணக்கின்படி வளைவுக்குள் அகப்படும் நிலமும் கரை உட்காரும் நிலமும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், அதாவது ஏழரை மா, யாரோ ஒருவருடைய பட்டா நிலத்திலிருந்து போகவேண்டும். வெள்ளத்தால் ஏற்கெனவே நஷ்டப்பட்டவரிடம் சென்று, இன்னும் ஏழரை மாவை விடு என்று கேட்பது எளிதன்று. அவ்வொருவரது இழப்பினால் கரைக்கு உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான ஏக்கர்கள் காக்கப்படுகின்றன என்பதனால், கிரயமோ மாற்று நிலமோ அவருக்கு வேலை தொடங்குமுன்பே கிடைக்கும்படி பார்ப்பது கிராம அதிகாரிகள் முதன்மையாக ஏற்கவேண்டிய காரியம். அளவுக் கல்லும் அடங்கலும் வெள்ளத்திற்குப்பின் உடனே சரிபார்க்கப்படாவிட்டால், மணல் மூடிய நிலத்தின் எல்லையைப்பற்றிய வழக்கு ஒன்றே வேலையை இரண்டு வருஷம் தள்ளிவிடும். நெதர்லாந்தில் 1995-ஆம் வருஷத்து வெள்ளத்தின்போது இரண்டரை லட்சம் மக்களை அப்புறப்படுத்தவேண்டி வந்தபின், அந்நாட்டார் நைமேகன் நகருக்கு எதிரில் லெண்ட் என்னும் இடத்தில் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி ஆற்றுக்கு இடம் விட்டார்கள். அங்கேயும் வீடு வாசல்களை விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு.

ஒரு மடுவின் கரையில், அதைத் தூர்க்க எத்தனை வண்டி மண் வேண்டும் என்று நான் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, வலையோடு வந்த முதியவர் ஒருவர் சற்று நேரம் பார்த்து நின்று, "ஐயா, காசு வாங்காமல் ஆறு வெட்டிக்கொடுத்த குளம் இது. இதையும் தூர்த்துவிட்டால் பங்குனியில் மீன் எங்கே போய் நிற்கும்?" என்றார். "பெரியவரே, கரை நிற்க வேண்டாமா?" என்றேன். "கரையைக் குளத்துமேல் ஏன் வைக்கிறீர்கள்? ஒதுங்கி வையுங்களேன்" என்றார். டிப்ளமா வகுப்பில் நான் படித்ததைவிடச் சுருக்கமாக அவர் சொல்லிவிட்டார்.

மடுவை ஆற்றோடு இணைக்கும் முறை முக்கியம். பழைய கரையின் எச்சத்தில் மேல்முனையை நன்றாக மூடிக் கெட்டிப்படுத்தி, கீழ்முனையில் மட்டும் வாய் விடவேண்டும். அப்போது வெள்ளம் நேரே பாய்ந்து புதுக்கரையைத் தாக்காமல், கீழிருந்து எதிரேறி மெதுவாக உள்ளே நிரம்பும். வடியும்போதும் அவ்வழியே வடியும். மீன்குஞ்சுகள் அதனோடு வெளியேறும். இரண்டு முனையையும் திறந்துவிட்டால் ஆறு அதையே புது வழியாக எடுத்துக்கொள்ளக்கூடும். நிற்கும் நீரில் கொசு பெருகுமே என்பது ஓர் ஆட்சேபம். மீன் உள்ள மடுவில் கொசுப்புழு தப்புவது அரிது; ஆகாயத்தாமரை மூடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். அணைக்கரைப் பக்கத்தில் முதலைகள் உண்டாதலால், அங்கே மடுவில் மாடு குளிப்பாட்டுவதையும் சிறுவர் இறங்குவதையும் தடுக்கவேண்டும்.

மண்வேலை

பெருங்கரை சர்க்காருடையது, அதை வெட்டவோ கட்டவோ நீர்வளத் துறையாரின் உத்தரவின்றி யாரும் முனையலாகாது. எனினும் வேலை நடக்கும்போது பார்த்திருந்து கேட்கும் உரிமை ஊராருக்கு உண்டு. கேட்கவேண்டியவை சிலவே. பழங்கரையின் முறிந்த முகத்தை அப்படியே விட்டுப் புதுமண்ணை ஒட்டவைக்கிறார்களா, அல்லது கெட்டியான மண் காணும்வரை செதுக்கிப் படிபடியாக வெட்டிப் பின் சேர்க்கிறார்களா? மண்ணை அரையடி கனத்துக்குப் பரப்பி, நனைத்து, திமிசு போட்டோ உருளை ஓட்டியோ கெட்டிக்கிறார்களா? யந்திரம் மேலே போய்வந்தாலே கெட்டியாகிவிட்டது என்று சொன்னால் ஏற்கவேண்டாம். ஒரு கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், கையில் நீர் ஒட்டலாகாது. அதுவே சரியான ஈரம். மணல்மண்ணால் போட்ட கரையாயின் ஆற்றுப்பக்கச் சரிவின்மேல் இரண்டடி கனம் களிவண்டல் போர்த்துவது அவசியம்.

மண் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதில்தான் கரையும் மீனும் ஒன்றாகக் கெடுகின்றன. கரையடியை ஒட்டிப் பள்ளம் எடுத்தால் வருகிற வெள்ளம் அப்பள்ளத்திலேயே கரையோரமாக ஓடும். படுகையில், கரையடியிலிருந்து தள்ளி, இடையிடையே வெட்டாத வரப்பு விட்டுத் தனித்தனிக் குழிகளாக எடுக்கவேண்டும். ஆனால் அக்குழிகளை மூடிய குழிகளாகவே விட்டால், வெள்ளம் வடிந்ததும் அவற்றில் அகப்பட்ட குஞ்சுகள் கொக்குக்கும் சிறுவர் கைக்கும் இரையாகி, மிஞ்சியவை நீர் வற்றிச் சாகும். ஆகவே ஒவ்வொரு குழியின் அடியையும் ஆற்றை நோக்கிச் சிறிது சாய்த்து, கீழ்மூலையிலிருந்து ஆற்றுக்கு ஒரு சிறு வாய்க்கால் விடவேண்டும். இதற்கு அதிகப்படி வேலை அரை நாளுக்குமேல் இராது.

கரையடிக் காப்பு

நீரோட்டம் முட்டும் வளைவுகளில் கல் போடாமல் தீராது. சிமெண்டால் ஒட்டிய சரிவைக் காட்டிலும், அடியில் சரளை பரப்பி அதன்மேல் உதிரியாக அடுக்கிய பெருங்கற்களே மேல். சரளை இல்லாவிட்டால் கல்லின் இடுக்கு வழியே மண் உறிஞ்சப்பட்டுவிடும். கரையடியில் தரைமட்டமாகவும் சில அடி அகலம் கல் பரப்பிவிட்டால், அடி அரிக்கப்படும்போது அக்கற்கள் தாமே சரிந்து பள்ளத்தை மூடிக்கொள்ளும். ஒட்டிய சரிவோ, உள்ளே மண் போனபின்னும் வெளியே முழுமையாய்த் தோன்றி, ஒரே நாளில் இடியும். உதிரிக் கல்லின் இடுக்குகளில் ஆராலும் இறாலும் குடியேறுவது நமக்கு இலவசம்.

ஓட்டம் அவ்வளவு கடுமையல்லாத பாகங்களில் சவுக்கு முளைகளை இரண்டு வரிசையாக இறுக அடித்து, இடையில் மூங்கில் முள்ளும் விறகுக் கட்டும் செறித்து, ஆற்றுக்குள் சற்று மேல்முகமாகச் சாய்த்து நீட்டிய படல்கள் போதும். ஒரு படலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி படலின் நீளத்தைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு. நீர் அவற்றினூடே புகுந்து தணிந்து செல்லுமாதலால், இரண்டு வெள்ளங்களுக்குள் நடுவே வண்டல் மேடு எழும். அம்மேட்டில் நாணல் தானே வரும், வராவிட்டால் நடவேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கு குச்சி வைத்தாலே பிடிக்கிறதென்று சிலர் நடுகிறார்கள். அது வாய்க்கால்களில் இறங்கி அடைத்துக்கொண்டபின் அதைக் களையும் கூலி நட்டவர் தலையில் விழுவதில்லை. கீழ்மடைக்காரர் தலையில் விழுகிறது.

கரையின் தலையிலும் சரிவிலும் பெருமரம் கூடாது. காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்க்கும். பட்டால் வேர் மக்கிப் பொந்து விடும். நீர்மருது, நாவல், புங்கு முதலியவற்றைக் கரையடிக்கு அப்பால் படுகையில், மடுவின் ஓரமாக வைக்கலாம். நீரின்மேல் சாய்ந்த மரம் கோடையில் மடுவுக்கு நிழல் தரும். உதிரும் பழமும் பூச்சியும் மீனுக்கு இரை. சரிவுக்கு ஏற்றவை அறுகும் வெட்டிவேரும். எலிக்கு அஞ்சுவோர் நாணலை எரிக்கவேண்டாம். கரையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நடந்து பார்த்து, வளை கண்ட இடத்தை முழுவதும் தோண்டித் திமிசு போட்டு மூடுவதே வழி.

வேலைக் காலம் தை முதல் சித்திரை முடிய. மேட்டூர் வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஆம் தேதிக்குமுன் மண்வேலை முடிந்து, புல் வேர் பிடித்திருக்கவேண்டும். வெட்டிவேர்த் தூர்களைச் சரிவின் குறுக்கே, கஜத்துக்கு ஆறு வீதம், வரிசைக்கு வரிசை மூன்றடி விட்டு மாசிக்குள் நட்டு, ஆறு வாரம் குடத்தால் நீர் ஊற்றவேண்டும். காலம் தவறி வைகாசியில் நட நேர்ந்தால், அவ்வருஷ வெள்ளத்துக்குப் புல்லை நம்பாமல், சரிவின்மேல் தென்னைநார் வலையை விரித்து முளையடித்து வைக்கவும்; வலை மக்குவதற்குள் தூர்கள் வேர் விட்டுவிடும்.